அஸ்பாரகஸும் தங்கச்சி கல்யாணமும்

புதிதாகக் குழந்தை பெற்றவனையும் புதிதாகச் செடி வளர்க்க ஆரம்பித்தவனையும் வழியில் பார்த்தால் "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. இரண்டு பேருமே செல்போனை எடுத்துப் போட்டோ காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். முன்னவனிடமாவது, குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் தப்பித்து ஓடிவிடலாம். பின்னவனிடம் அந்த வழியும் கிடையாது. செடி அழாது.

நான் பின்னவன். அதுவும் முற்றிய கேஸ்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அப்பா மரவள்ளிக்காரர். நான் குமாரபாளையத்தில், துண்டும் பெட்ஷீட்டும் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். எனக்கும் மண்வெட்டிக்கும் இருந்த உறவு, அது எந்தச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது என்று தெரியும் என்கிற அளவில்தான்.

எல்லாம் பெங்களூரில் ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் எங்கள் நாலைந்து பேருக்குப் பெரிய ஓட்டலில் மத்தியானச் சாப்பாடு போட்டார். தட்டின் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பச்சைக் குச்சிகள். முருங்கைக்காய் என்று நினைத்து, ஒன்றை எடுத்து வாயில் வைத்து, பல்லால் அழுத்தி இழுத்தேன். சக்கையைத் துப்ப இடம் தேடினால், வாயில் சக்கையே இல்லை. குச்சி முழுசாக உள்ளே போயிருந்தது. பச்சைப் பட்டாணியும் முருங்கைப்பூவும் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி ஒரு ருசி! பரிமாறியவரிடம் பெயர் கேட்டேன். "அஸ்பாரகஸ் சார்" என்றார். பக்கத்தில் இருந்தவர் தட்டில் மிச்சம் வைத்ததையும் நானே தின்றேன். (அவர் எங்கள் மேனேஜர் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.)

பஸ் தருமபுரியைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். மல்லசமுத்திரத்தின் முதல் அஸ்பாரகஸ் விவசாயி நான்தான்.

செல்போனில் வீடியோ தேடினேன். கம்பளித் தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் கிடைத்தார். "இலையுதிர் காலத்தில் விதைத்து நாற்று வளருங்கள். வசந்த காலத்தில் எடுத்து நடுங்கள்" என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! ஆனால் எங்கள் ஊரில் வேப்ப மரம் இலை உதிர்ப்பதே மாசியில்தான், அதாவது தாத்தாவின் வசந்த காலத்தில். கணக்கு இடித்தது. கடைசியில் நானே ஒரு பஞ்சாங்கம் போட்டுக்கொண்டேன். புரட்டாசியில் விதைப்பு, தையில் நடவு.

அப்பாவிடம் போனேன்.

"அப்பா, கெணத்துமேட்டு அரை ஏக்கரா எனக்கு வேணுமுங்க."

"எதுக்கு சாமி?"

"அஸ்பாரகஸ் போடறேன்."

"அதென்ன, பூச்சி மருந்தா?"

"இல்லீங்கப்பா. அது ஒரு காய். காய்கூட இல்ல, குருத்து. ஒருக்கா நட்டுட்டா வருசக்கணக்கா குருத்து உட்டுக்கிட்டே இருக்கும்."

"நட்ட வருசமே வெட்டலாமா?"

"ரெண்டு வருசம் போகணுமுங்க."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வருசம் அதுக்கு முன்னால குக்கிட்டு உக்காந்து வேடிக்கை பாக்கறதா?" என்றார். ஆனால் நான் விவசாயம் என்று வாயைத் திறந்ததே அதுதான் முதல் முறை என்பதால் மனம் இளகிவிட்டது. "சரி, தை வரைக்கும் நெலத்தச் சும்மா போட்டு வெக்கறேன். தையில நாத்தக் கொண்டாந்து காட்டு. நாத்து இல்லீன்னா மரவள்ளிக் குச்சிய ஊணிப்போடுவேன். பொறவு கண்ணக் கசக்கப்படாது."

விதை தபாலில் வந்தது. கறுப்பாக, உருண்டையாக, பப்பாளி விதைக்குத் தம்பி மாதிரி. ராத்திரி முழுக்க ஊறவைத்து, குழித்தட்டில் தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும் நிரப்பி, குழிக்கு ஒன்றாகப் போட்டேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் பச்சை நிழல்வலை கட்டி அதற்குள் தட்டுகளை அடுக்கினேன். உடனே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

ஒன்றும் முளைக்கவில்லை.

தாத்தா சொல்லியிருந்தார்தான், மெதுவாகத்தான் முளைக்கும் என்று. ஆனால் மெதுவாக என்றால் இவ்வளவு மெதுவாகவா? ஆயுத பூஜை வந்தது. குழித்தட்டுக்கும் பொட்டு வைத்தேன். அப்போதும் முளைக்கவில்லை. காலையில் பல் துலக்கும்போது ஒரு தரம், வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தரம், வந்து செருப்பைக் கழற்றும் முன் ஒரு தரம் போய்ப் பார்ப்பேன். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மனைவி சுமதி நிழல்வலை வாசலில் காபி டம்ளரோடு நின்று, "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படி உத்துப் பாக்கலீங்க நீங்க" என்றாள்.

ஒரு காலையில் வந்துவிட்டது! கறுப்புத் தூளில் தையல் நூலைக் கிள்ளிப் போட்ட மாதிரி ஒரு பச்சை. பக்கத்துக் குழியில் இன்னொன்று. நான் போட்ட கூச்சலில் கொட்டகையில் மாடு எழுந்து நின்றது. வீட்டில் எல்லாரும் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடி வந்தார்கள். அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்கடா?"

"இதானுங்கப்பா!"

"இதா? ஏன் சாமி, வாசக் கூட்டற சீமாத்துக் குச்சிக்கா இந்தப் பாடு?"

எனக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு அதுகள் வளர்ந்த அழகைச் சொல்ல வேண்டும். குச்சி நீண்டது, கிளை விட்டது, கிளையெல்லாம் பச்சைப் பஞ்சாக விரிந்தது. காற்று வந்தால் நிழல்வலைக்குள் பச்சைப் புகை அலைகிற மாதிரி இருக்கும். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் சோம்புச் செடி என்றார். ஒருவர் சவுக்கு நாற்று என்றார். இன்னொருவர், "காட்டுல தண்ணீர்விட்டான் கிழங்கு தானா மொளச்சுக் கெடக்குது, அதையேனுங்க தட்டுல வெச்சு வளக்கறீங்க?" என்றார். அது இதற்குச் சித்தப்பா முறை என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் மாட்டுக்கு ஊசி போட வந்தவர். மாடு காத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் தட்டுகளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன். கம்பெனியில் கழித்துப்போட்ட சிவப்பு நூலைக் கொண்டுவந்து, திடமாக வளர்ந்த செடிகளின் தண்டில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டேன். கிணற்றுமேட்டில் முதல் வரிசையில் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தான். செடி என்று சொல்வதையும் எப்போதோ விட்டுவிட்டேன். "புள்ளைங்க" என்றுதான் சொல்வேன். "சுமதி, புள்ளைங்களுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கம்பெனியிலிருந்து போன் பண்ணுவேன். பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள், "செந்தில், உங்களுக்கு எப்பங்க கொழந்தை பொறந்துச்சு?" என்று கேட்டே விட்டார்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சி கவிதாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை பிரபு வாழப்பாடிக்காரர். அவர்களுக்குப் பாக்குத் தோப்பு உண்டு. மாப்பிள்ளையின் அப்பா அதிகம் பேசமாட்டார். அளந்து சிரிப்பார். தையில் முகூர்த்தம், மல்லசமுத்திரத்தில் மண்டபம். எனக்கு இரட்டைச் சந்தோஷம். தங்கச்சி கல்யாணம் முடிந்த மறுவாரமே புள்ளைங்களுக்கு நடவு!

பத்திரிகை வைக்கப் போன வீடுகளிலெல்லாம் கல்யாணத்தைப் பற்றி இரண்டு வாக்கியம், அஸ்பாரகஸைப் பற்றி அரைமணி நேரம். ஒரு பெரியம்மா, "அப்ப மாப்ள பேரு அஸ்பாரகஸா சாமி? வடக்கத்திப் பையனா?" என்று கவலையோடு கேட்டார்.

வீட்டு வாசலில் பந்தல் போட டெக்கரேஷன் குமரேசன் வந்தார். மண்டபத்து மேடையும் அவர் பொறுப்புதான். பந்தல்கால் ஊன்றிக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்து இழுத்துப் போய் நிழல்வலைக்குள் விட்டேன்.

"என்னான்னு சொல்லுங்க பாப்பம்!"

குமரேசன் ஒரு கிளையைத் தடவிப் பார்த்தார். "அஸ்பாரகஸ் மாதிரி இருக்குதுங்ணா."

நான் துள்ளிக் குதித்தேன். இத்தனை மாதத்தில் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் மனிதர்! "கேட்டியா சுமதி! ஊருக்கே தெரிஞ்சுபோச்சு!"

"பொக்கேயில ரோஸுக்கு நடுவுல சொருகற பச்சை, அதுக்கும் இதே பேருதானுங்ணா. ஓசூர்ல இருந்து கட்டுக் கட்டா வரும்" என்றார் குமரேசன்.

அவர் சொன்ன வேறெதுவும் என் காதில் ஏறவில்லை. அது அலங்காரத்துக்கு வளர்க்கிற வேறு வகை, இது சாப்பிடுகிற வகை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மாட்டுக்கு ஊசி போட வந்தவருக்கெல்லாம் அரைமணி நேரம் விளக்கியவன், விளக்க வேண்டிய ஒரே ஆளிடம், "எத்தன வேணும்னாலும் வந்து பாருங்க, நம்ம ஊட்டுச் சொத்து!" என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

முகூர்த்தத்தன்று விடிகாலை. பெண்ணின் அண்ணன் என்றால் சும்மாவா? காபிக்குப் பால் பத்தவில்லை என்று ஒருவர், மாப்பிள்ளை அறையில் வெந்நீர் வரவில்லை என்று ஒருவர், மண்டப வாசலில் கட்டிய வாழை மரம் சாய்ந்து வேன் உள்ளே வர முடியவில்லை என்று ஒருவர். வாழை மரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பின்னால் தவில்காரர் கையைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, குமரேசன்ங்ணா. ஓசூர் வண்டி தொப்பூர் கணவாய்ல மாட்டிக்கிச்சுங்... மணவறைக்குப் பச்சை இல்லீங்... அதைய வெட்டிக்கட்டுங்களா?"

எனக்குக் கேட்டது "வண்டி", "மாட்டிக்கிச்சு", "வெட்டிக்கட்டுங்களா" என்ற மூன்று வார்த்தைகள்தான். என் கண்ணெதிரே வேன் மாட்டிக்கொண்டிருந்தது. வாழை இலை அதன் கண்ணாடியை மூடியிருந்தது. குமரேசன் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்று அந்த வாழை இலையை வெட்டக் கேட்கிறார் என்று நானாக எண்ணிக்கொண்டேன்.

"வெட்டுங்க, வெட்டுங்க! என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு? வெசையா வெட்டித் தள்ளுங்க!"

"எல்லாமேவாங்ணா?"

"ஒண்ணு உடாதீங்க!"

இவ்வளவு தெளிவாக நான் வாழ்க்கையில் வேறு எந்த உத்தரவும் கொடுத்ததில்லை.

முகூர்த்த நேரம். கூடம் நிறைந்துவிட்டது. மணவறையில் கவிதாவும் பிரபுவும். சடங்கு நடத்தி வைக்கிற அருமைக்காரர் மைக் பிடித்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகக் கூடத்தைச் சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்பியது. நான் கவிதாவுக்குப் பின்னால் பட்டு வேட்டியில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தேன். வீடியோக்காரர் வெளிச்சத்தை முகத்தில் அடித்ததால் கண் கூசி, தலையைத் திருப்பி மணவறையைப் பார்த்தேன்.

என்ன அழகு! சிவப்பு ரோஜா, வெள்ளை ரோஜா, நடுவில் பச்சைப் பஞ்சு. காற்றாடிக் காற்றில் மெல்ல ஆடியது. குமரேசன் கெட்டிக்காரர், எங்கிருந்தோ அஸ்பாரகஸ் வரவழைத்துவிட்டாரே என்று மெச்சினேன். (ஆமாம், மெச்சினேன். வீடியோவில் நான் தலையை ஆட்டிப் பாராட்டுவது பதிவாகியிருக்கிறது.) நம் புள்ளைங்க மாதிரியே இருக்கிறதே என்றுகூட நினைத்தேன்.

அப்போது மாப்பிள்ளையின் தலைக்கு மேலே, ஒரு தண்டில், சிவப்பு நூல் முடிச்சு தெரிந்தது.

பக்கத்தில் இன்னொரு முடிச்சு. அந்தப் பக்கம் ஒன்று. என் முதல் வரிசை மொத்தமும் மணவறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அருமைக்காரர் மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். பிரபு தாலியைக் கையில் எடுத்தார். அந்தச் சமயம் பார்த்து என் வாய் தானாகத் திறந்தது.

"நிறுத்துங்க!"

மைக் எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கூடத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களுக்கும் கேட்டது. தவில் பாதி அடியில் நின்றது. நாதஸ்வரம் ஒரு தரம் விக்கிவிட்டு அடங்கியது. அட்சதை அள்ளிய கைகளெல்லாம் அந்தரத்தில் நின்றன. பிரபுவின் கையில் தாலி, கவிதாவின் கழுத்துக்கும் அவருக்கும் நடுவில்.

அதோடு வாயை மூடியிருந்தாலாவது இருமல் என்று சமாளித்திருக்கலாம். நான் மாப்பிள்ளையின் பக்கம் விரலை நீட்டிக் கத்தினேன்.

"ஐயோ, என் புள்ளைங்க! என் புள்ளைங்கள அறுத்துட்டாங்களே!"

முன்வரிசையில் ஒரு குரல்: "இவனுக்குத்தான் இன்னும் கொழந்தையே இல்லியே, அப்ப ஆரு புள்ளைங்க?"

அடுத்த வரிசை: "மாப்ளயக் கை காட்டுனானே, பாக்கலியா?"

அதற்கடுத்த வரிசைக்குப் போகும்போது மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே குழந்தை இருந்தது. தூண் பக்கம் போனபோது இரண்டு குழந்தை. பந்தி நடந்துகொண்டிருந்த சாப்பாட்டுக் கூடத்துக்கு அது போய்ச் சேர்ந்தபோது, வாழப்பாடியில் ஒரு குடும்பமே இருந்ததாம். அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் ஒறம்பரையில் (சொந்தக்காரர்களில்) ஒருவர், "கல்யாணம் நின்னாலும் பந்தி நிக்காதில்லீங்க?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டாராம்.

மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த அதிகம் பேசாத மனிதர், மேடையின் படியில் ஒரு காலை வைத்து, "என்னங்க தம்பி சொல்றீங்க?" என்றார். குரல் சின்னதுதான். பிரபு தாலியோடு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில், 'ஒருவேளை நிஜமாகவே எனக்குக் குழந்தை இருக்கிறதோ' என்கிற சந்தேகமே வந்துவிட்டது. அப்பா துண்டை இடுப்பிலிருந்து எடுத்தார். அடிக்கவா, முகத்தை மூடிக்கொள்ளவா என்று அவருக்கே தெரியவில்லை.

என் கண் அப்போதும் அந்தச் சிவப்பு நூலின் மேல்தான் இருந்தது. கண்ணீர் வேறு வந்துவிட்டது. அதைப் பார்த்து, எங்கள் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் என்னவென்றே தெரியாமல் அழ ஆரம்பித்தார்கள்.

காப்பாற்றியது கவிதா. மணப்பெண் தலையைத் தூக்கக் கூடாது என்று காலையிலிருந்து பத்துப் பேர் சொல்லி உட்காரவைத்த பெண், முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். என் பார்வை போன திசையில் பார்த்தாள். அவளுக்கு ஒரு விநாடிதான் ஆயிற்று.

"அண்ணா, செடியா?"

"ஆமா கண்ணு."

"செடிதானே?"

"எல்லாமே போச்சு கண்ணு..."

அவள் மறுபடி முன்னால் திரும்பினாள். மாப்பிள்ளையிடம், மைக்கில் கேட்கிற மாதிரியே, "ஏனுங்க, ஒண்ணுமில்லீங்க, எங்கண்ணன் வளத்த செடிங்க. நேரம் போகுது, நீங்க கட்டுங்க" என்றாள்.

பிரபு கட்டினார். மேளக்காரர் விட்ட அடியையும் சேர்த்து வட்டியோடு அடித்தார். அட்சதை மழையாக விழுந்தது. அதில் பாதி, எங்கள் அப்பா உட்பட நிறையப் பேர் என்னைக் குறிபார்த்து எறிந்தது. சுமதி என் வேட்டி நுனியைப் பிடித்து மேடையின் பின்படி வழியாகக் கீழே இறக்கினாள். மாட்டைக் கயிற்றோடு ஓட்டிப் போகிற மாதிரி.

கீழே குமரேசன் வெளுத்த முகத்தோடு நின்றார். "நீங்கதானுங்ணா ஒண்ணு உடாதீங்கன்னீங்க. நான் வேற, எல்லாமேவான்னு ரெண்டாந்தரம் கேட்டனுங்களே."

அவர் கேட்டார்தான்.

அதற்குப் பிறகாவது கௌரவமாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. தண்ணீரில் வைத்தால் வேர் விட்டுவிடாதா என்று ஓர் ஆசை. உறவினர்கள் மணமக்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமாக ஏறி, மணவறையிலிருந்து ஒவ்வொரு கிளையாக உருவி, சமையல்காரரிடம் வாங்கிய சாம்பார் வாளியில் சேர்த்தேன். கல்யாண ஆல்பத்தைத் திறந்தால், எந்தப் பக்கத்திலும் மணமக்கள் தலைக்குப் பின்னால் ஒரு கையோ, பாதி முகமோ, ஒரு வாளியோ தெரியும். போட்டோக்காரர் என்னை அழிக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டாராம். (கிளைகள் வேர் விடவில்லை. அழுகி, வாளி நாறியது. வாளி தனிக் கதை.)

சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிழல்வலையைத் திறந்தேன். தட்டு தட்டாக, ஒட்ட முடி வெட்டிய தலைகள். அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை மரவள்ளிக் குச்சிக் கட்டு ஒன்று கிணற்றுமேட்டில் வந்து இறங்கியிருந்தது.

அடுத்த வாரம் மறுவீட்டு விருந்து. புது மாப்பிள்ளையும் கவிதாவும், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பாவை எந்த முகத்தோடு பார்ப்பது? வண்டிச் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் ஒளிந்த இடம் நிழல்வலை. அங்கேதான் யாரும் வரமாட்டார்கள். வெளியே அம்மா வாங்க வாங்க என்பது கேட்டது. "செந்தில் தம்பி எங்கீங்க?" என்று அந்தச் சின்னக் குரல் கேட்டது. "இங்கத்தான் எங்கியோ இருப்பானுங்க" என்று அப்பா மழுப்பினார். நான் குழித்தட்டு மறைவில் மூக்கு மண்ணில் படக் குனிந்தேன்.

மூக்குக்கு நேரே, வெட்டின தண்டுக்குப் பக்கத்தில், தூளைக் கீறிக்கொண்டு ஒரு பச்சை முனை.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். அடுத்த குழியில் ஒன்று. அதற்கடுத்ததில் இரண்டு! கூர்மையாக, திடமாக, முதலில் வந்த தையல் நூல் மாதிரி இல்லை, நல்ல தீக்குச்சி மாதிரி! வெட்டினது மேலே இருந்த பஞ்சைத்தான். கீழே வேர்க்கட்டை முழுசாக உயிரோடு இருந்தது. அஸ்பாரகஸ் என்பதே வெட்ட வெட்டக் குருத்து விடுகிற ஜாதிதானே! அதைத்தானே அப்பாவிடம் பெருமையாகச் சொல்லி நிலம் கேட்டேன்? துக்கத்தில் அது எனக்கே மறந்துபோயிருந்தது.

ஒளிந்திருக்கிறோம் என்பதும் மறந்துபோனது.

"வந்துருச்சு! என் புள்ளைங்க உசுரோட இருக்குதுங்க!"

வீட்டிலிருந்து மொத்தப் பேரும் ஓடி வந்தார்கள். மாப்பிள்ளை கையில் பாதி கடித்த அதிரசம். முன்னால் வந்தவர் அவர் அப்பா. நிழல்வலையைத் தூக்கிப் பார்த்தார். தலை முழுக்கத் தென்னைநார்த் தூளோடு நான் நாலு காலில் நின்றுகொண்டிருந்தேன். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இப்ப எதை நிறுத்தணும் தம்பி?" என்றார்.

அவ்வளவுதான். கவிதா தொடங்கிய சிரிப்பு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அளந்து சிரிக்கிற அந்த மாமா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துக் குருத்தைக் காட்டினேன் என்பது மட்டும் ஞாபகம்.

மரவள்ளிக் குச்சிகளை அப்பா கீழ்க்காட்டுக்கு மாற்றினார். மாசியில் கிணற்றுமேட்டில் வாய்க்கால் மாதிரி குழி வெட்டி நாற்றுகளை நட்டோம். முதல் செடியை மாமாவே நட்டார். "என் மகன் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த செடி, நானே புதைக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே. இரண்டு வருஷம் கழித்து முதல் குருத்தை வெட்டி, தேங்காய் எண்ணெயில் வதக்கி எல்லாருக்கும் தட்டில் வைத்தேன். அப்பா ஒன்றைக் கண்ணை மூடி மென்றார். "மோசமில்ல. முருங்கைக்காயில சக்கைய எடுத்துட்டா இப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு. சுமதியை ஓட வைத்து உப்பு வாங்கித் தொட்டுக்கொண்டு இன்னும் இரண்டு தின்றார்.

ஆனால் எங்கள் ஒறம்பரையில் நான் அஸ்பாரகஸ் விவசாயியாக அறியப்படவில்லை. வீடியோக்காரர் என் "நிறுத்துங்க"வை மூன்று கோணத்தில், மெதுவாக ஓட்டி, இடி மின்னல் சத்தம் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அது எல்லார் போனிலும் இருக்கிறது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் அருமைக்காரர் மேளக்காரருக்குக் கை காட்டுவதில்லை. முதலில் மைக்கைப் பொத்திக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடுகிறார்.

"செந்திலு, உன்ற புள்ளைங்க எல்லாம் ஊட்ல பத்திரமா இருக்குதா சாமி?"

"இருக்குதுங்க."

"அப்ப கட்டலாமா?"

"கட்டுங்க."

அதற்குப் பிறகுதான் கெட்டிமேளம்.